ஹுவான் பெரோன்: திருமணங்களும் அரசியல் மரபும்

ஹுவான் டொமிங்கோ பெரோன் (1895–1974) அர்ஜென்டினாவின் படைத்துறை அதிகாரி. மும்முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தொழிற்சங்கங்களையும் தேசியப் பொருளாதாரத்தையும் தூண்களாகக் கொண்ட பெரோனியம் என்னும் இயக்கத்தின் நிறுவனர். அவர் செய்துகொண்ட மூன்று திருமணங்களுள் பின்னிரண்டும் நாட்டின் அரசியல் வரலாற்றிலிருந்து பிரிக்கவியலாதவை.

முதல் திருமணம்

புவெனஸ் அயர்ஸ் மாகாணத்து லோபோஸ் என்னும் ஊரில் பிறந்து 1911இல் படைக்கல்லூரியில் சேர்ந்த பெரோன், பள்ளி ஆசிரியையான அவுரேலியா திசோனை 1929 ஜனவரி 5 அன்று மணந்தார். 1936இல் சிலி நாட்டுத் தூதரகத்தில் படைத்துறை அதிகாரியாக அமர்த்தப்பட்ட கணவருடன் அங்கு வாழ்ந்த அவுரேலியா, 1938 செப்டம்பரில் கருப்பைப் புற்றுநோயால் காலமானார்.

ஏவா

1943இன் இராணுவப் புரட்சிக்குப்பின் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்ற பெரோன், கூட்டு ஊதிய ஒப்பந்தங்களாலும் ஓய்வூதிய விரிவாக்கத்தாலும் தொழிலாளரின் பற்றைப் பெற்றார். 1944 ஜனவரியில் சான் ஹுவான் நகரை அழித்த நிலநடுக்கத்தின் துயர்துடைப்பு நிதிக்காக லூனா பார்க் அரங்கில் நடந்த கலைநிகழ்ச்சியில், வானொலி நடிகை ஏவா துவார்தேயைச் சந்தித்தார். 1945 அக்டோபரில் உடனிருந்த அதிகாரிகளே அவரைப் பதவிநீக்கிக் காவலில் வைத்தபோது, 17ஆம் நாள் மாயோ சதுக்கத்தில் திரண்ட தொழிலாளர் பெருங்கூட்டம் அவரை மீட்டது. 22ஆம் நாள் ஹுனின் நகரில் இருவருக்கும் பதிவுத் திருமணமும், டிசம்பரில் லா பிளாத்தாவில் தேவாலயத் திருமணமும் நடந்தன.

1946இல் பெரோன் தலைவரானபின், எவிதா என மக்கள் அழைத்த ஏவா, அரசுப் பதவி ஏதும் ஏற்காமலேயே ஆட்சிக்கும் ஏழைகளுக்கும் இடையே பாலமானார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பரப்புரை செய்த அவர், 1948இல் தம் பெயரில் அறக்கட்டளை நிறுவி மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டுவித்தார். 1951இல் துணைத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்தத் தொழிற்சங்கங்கள் வேண்டியும், படைத்துறையின் எதிர்ப்பாலும் நோயாலும் விலகிக்கொண்டு, 1952 ஜூலை 26 அன்று 33 வயதில் மறைந்தார். பதப்படுத்தப்பட்ட அவரது உடலை, 1955இல் பெரோனைக் கவிழ்த்த இராணுவ ஆட்சி மறைத்து, மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்தது. 1971இல்தான் அது மத்ரித் நகரிலிருந்த பெரோனிடம் ஒப்படைக்கப்பட்டது.

இசபெல்

1955இல் கவிழ்க்கப்பட்டபின் நாடுகடந்து வாழ்ந்தபோது பனாமாவில் சந்தித்த நடனக் கலைஞர் மரியா எஸ்தேலா மார்த்தினெஸை (இசபெல்) 1961இல் மத்ரித்தில் பெரோன் மணந்தார். பெரோன் நாடு திரும்பியபின் நடந்த 1973 செப்டம்பர்த் தேர்தலில் இசபெல் துணைத் தலைவராகப் போட்டியிட, இருவரும் ஏறத்தாழ 62 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றனர். 1974 ஜூலை 1 அன்று பெரோன் இறந்ததும் இசபெல் பொறுப்பேற்று, உலகில் குடியரசுத் தலைவர் என்னும் பதவிப்பெயரை வகித்த முதல் பெண்மணியானார். பணவீக்கமும் அரசியல் கொலைகளும் பெருகிய நிலையில் 1976 மார்ச் 24 அன்று இராணுவம் அவரை அகற்றியது.

மரபு

பெரோனுக்குப் பிள்ளைகள் இல்லாமையால் இயக்கத்தின் உரிமை குடும்ப வாரிசுகளிடம் செல்லவில்லை. ஏவாவின் நினைவைப் போற்றிய இடதுசாரியினரும் இசபெலைச் சூழ்ந்த வலதுசாரியினரும் 1970களில் தம்முள் மோதினர். எனினும் தொழிலாளரை அரசியல் உரிமையுள்ள ஆற்றலாக்கிய பெரோனின் பணியே அவரது நிலைத்த சாதனையாகும். கார்லோஸ் மெனெம், நெஸ்தோர் கிர்ச்னர், அவர் மனைவி கிறிஸ்தினா ஆகியோர் இவ்வியக்கத்தின் பெயரால் ஆண்டனர். 2023 தேர்தலில் அது ஹாவியேர் மிலேயிடம் தோற்றது.