ஜார்ஜியாவில் ஒரு பொது நிலம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்க உத்தரவிட்டார். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளிடமே ஒப்படைக்கச் செய்தார். அப்படியும் கறுப்பின மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1910 வாக்கில் சுமார் 1.5 கோடி ஏக்கருக்குச் சொந்தக்காரர்களானார்கள். அதில் பெரும்பகுதி பின்னாளில் பறிபோனதற்கு மிரட்டலும் ஜப்தியும் மட்டும் காரணமல்ல. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பிரிபடாத பங்காகப் போய்ச் சேரும். யாரோ ஒரு பங்காளியிடம் பங்கை வாங்கும் வெளியாள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் முழு நிலமும் ஏலத்துக்கு வந்துவிடக்கூடும். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு அது 45,000-ஐக்கூட எட்டவில்லை. சம்பள வித்தியாசத்தை மட்டும் வைத்து இந்தப் பள்ளத்தை விளக்கிவிட முடியாது; இழந்த நிலத்துக்கும் அதில் பங்குண்டு.

பங்காளி வழக்கில் ஏலம் போகக்கூடிய தனிப் பட்டாவுக்கு மாற்றாக, சார்ல்ஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் முதலியோர் 1969-இல் ஜார்ஜியாவில் 'நியூ கம்யூனிட்டீஸ்' அமைப்பை உருவாக்கினார்கள். அவர்களில் சிலர் இஸ்ரேலின் குத்தகை நிலங்களை நேரில் பார்த்து வந்திருந்தார்கள். உடன் உழைத்த ராபர்ட் ஸ்வான், நிலத்தைக் கிராமத்துக்கே பொதுவாக்கும் வினோபாவின் கிராமதானத்தையும் முன்மாதிரியாகக் கொண்டவர். லீ மாவட்டத்தில் சுமார் 5,700 ஏக்கர் அமைப்பின் பெயரில் வாங்கப்பட்டது. குடும்பங்களுக்கு நீண்டகாலக் குத்தகை என்பது திட்டம். நிலத்தைத் தனியாளாக விற்கவோ அடகு வைக்கவோ யாராலும் முடியாது. ஆனால் வாங்கியதே கடனில். கைகொடுத்திருக்க வேண்டிய மத்திய அரசு மானியத்தை ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ் தடுத்துவிட்டார். பிறகு வறட்சி வந்தது. அரசின் விவசாயக் கடன் அலுவலகம் அவசரக் கடன் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1985-இல் நிலம் கைவிட்டுப் போனது.

பொதுவுடைமை என்றாலே இப்படித்தான் முடியும் என்பவர்களுக்கு 2009-இன் தீர்ப்பே பதில். கடன் தருவதில் அரசின் விவசாயத் துறை இனப் பாகுபாடு காட்டியது என்று முடிவாகி, சுமார் 1.2 கோடி டாலர் நஷ்டஈடு கிடைத்தது. அதைக் கொண்டு 2011-இல் ஆல்பனி அருகே, ஒருகாலத்தில் அடிமை முதலாளியின் பண்ணையாக இருந்த 1,638 ஏக்கரை வாங்கினார்கள். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: விற்க முடியாத நிலம் ஒரு குடும்பத்தை எப்படிச் செல்வந்தராக்கும்? விலையேற்றத்தின் லாபம் கைக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் 1910-க்குப் பின் ஏலத்தில் போன ஏக்கர்களின் விலையேற்றமும் அந்தக் குடும்பங்களுக்கு வரவில்லையே! பொதுப்பட்டா பங்காளி வழக்கைத் தடுக்கும், கடன்காரனைத் தடுக்காது. ஆகவே நிலத்தோடு கடன் கொடுக்கும் அதிகாரமும் அந்தச் சமூகத்தின் கைக்கு வராதவரை, இத்தகைய எந்த அமைப்பும் ஜப்திக்கு ஒரு வறட்சி தூரத்தில்தான் நிற்கிறது.