நாவலுக்கு ஒரு பருவம்

மார்கழி பிறந்துவிட்டால் நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். இந்த வருஷம் யாருடைய கச்சேரிக்குப் போகலாம் என்பது ஒன்று. புதிதாக வந்திருக்கும் நாவல்களில் எதை வாங்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்ல, என்னைவிட ஞானமுள்ளவர்கள் மயிலாப்பூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் பதில் சொல்லுமுன், இப்படி ஒரு கேள்வி நம்மிடையே எப்படி உண்டாயிற்று என்று கொஞ்சம் யோசிக்கத் தோன்றுகிறது. நாவலை ஒருவர் மற்றொருவருக்குச் சிபாரிசு செய்வதும், அதற்கென்று வருஷத்தில் ஒரு காலம் ஏற்பட்டதும், நூற்றைம்பது வருஷத்துக்கு உட்பட்ட சங்கதிகள்.

கதை கேட்பதற்குப் பருவம் இருந்தது மட்டும் மிகப் பழைய வழக்கம். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். மழை பொய்த்தால் விராட பருவம் வாசிப்பார்கள். வாசித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் இரவுகளில் திண்ணை விளக்கடியில் ஒருவர் அல்லி அரசாணி மாலையையோ நல்லதங்காள் கதையையோ இராகம் போட்டுப் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள். அந்தப் புத்தகங்களைப் 'பெரிய எழுத்து' என்று போட்டு அச்சிட்டதற்குக் காரணம் அந்த விளக்கின் மங்கல்தான் என்று நான் நினைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்கத் தெரிந்தவர் பலர். இதில் சிபாரிசுக்கு இடமே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதையை யார் யாருக்குச் சிபாரிசு செய்வது?

நாவல் வந்ததும் இது மாறியது. 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரத்தை அச்சிட்டார். அதற்குமுன் யாருக்கும் தெரியாத கதை அது. தெரியாத கதையை ஒருவன் காசு கொடுத்து வாங்க வேண்டுமானால், நன்றாயிருக்கிறது என்று யாராவது அவனுக்குச் சொல்லியாக வேண்டும். பி. ஆர். ராஜமையர் கமலாம்பாள் சரித்திரத்தை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் எழுதியபோது, அடுத்த மாதத்துக்குக் காத்திருப்பது என்ற புதிய இன்பமும் புதிய அவஸ்தையும் தமிழ் வாசகனுக்கு ஏற்பட்டன. ராஜமையர் 1898-இல், முப்பது வயதுகூட ஆகாமல், காலமானார். அதே வருஷத்தில் மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் வந்தது. இவையெல்லாம் அநேகமாக இங்கிலீஷ் படித்தவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட புத்தகங்கள்.

ஊரெல்லாம் நாவல் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பின்னால். ஜே. ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், ஆரணி குப்புசாமி முதலியாரின் கதைகள், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா ஆகியவை வந்த காலம் அது. இங்கிலாந்தில் ரெயினால்ட்ஸ் எழுதிக் குவித்த மர்மக் கதைகளுக்குக் கும்பகோணத்து வேஷ்டியும் சென்னைப் பட்டணத்துக் கோட்டும் உடுத்தி இங்கே உலவவிட்டார்கள். பெரியவர்கள் கலங்கிப்போனார்கள். நாவல் படிக்கிற பையன் பரீட்சையில் தேறமாட்டான், நாவல் படிக்கிற பெண் குடித்தனத்துக்கு ஆகமாட்டாள் என்று சொல்லப்பட்டது. தலையணைக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் நாவல்கள் ஒளிந்து வாழ்ந்தன. ஒளித்துப் படிக்கிற புத்தகத்தின் சிபாரிசுக்கு உள்ள பலம் வேறு எதற்கும் வராது. இந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆராய்ச்சி நூலாயிற்றே என்று தயங்க வேண்டாம், சுவாரசியமாகவே இருக்கும்.

இந்த இடத்தில் வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கதை சொல்வதில் கெட்டிக்காரர். முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, ஒரு தோழி உட்கார்ந்து எழுதினாள். 1925-இல் நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று, 1960-இல் மறையும் வரையில் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். திண்ணையில் ஒருவர் சொல்லப் பலர் கேட்ட பழைய பழக்கமும், தனியே உட்கார்ந்து படிக்கிற புதிய பழக்கமும் ஒரே ஆளிடத்தில் சந்தித்தன என்றால் அது அவரிடத்தில்தான். அடுக்களைக்கு அப்பால் போகாத எத்தனையோ பேருக்கு ஜகன்மோகினிதான் வாசகசாலை. இன்று அவருடைய நாவல்களைத் தேடிப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலையாக எடுத்துக்கொண்டால் அவற்றில் பெரும்பாலானவை நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வந்த எங்களைப் போன்றவர்களுக்கு வாசகர்களை உண்டாக்கி வைத்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் கடனை நாங்கள் யாரும் அடைக்கவில்லை.

பிறகு வாரப் பத்திரிகைகளின் காலம். 1928-இல் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கினார். 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி அதில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளை விமர்சித்தார். தம் பெயரில் தொடர்கதைகள் எழுதினார். மார்கழிக் கச்சேரியும் நாவலும் ஒரே வீட்டில், ஒரே பத்திரிகையின் வழியாக நுழைந்தன. 1939-இல் தியாகபூமி வெளிவந்தபோது சித்திரங்களுக்குப் பதிலாக, அதே சமயத்தில் தயாராகிக்கொண்டிருந்த சினிமாவின் படங்களையே கதையோடு சேர்த்துப் போட்டார்கள். கதையைப் படித்தவர்கள் படத்துக்குப் போனார்கள். படம் பார்த்தவர்கள் கதையைத் தேடினார்கள். இப்போது நாம் பெரிய வியாபார யுக்தி என்று வியப்பதையெல்லாம் அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள்.

தீபாவளி மலர் நாவலுக்கு ஒரு திருநாளையே ஏற்படுத்திக் கொடுத்தது. புதுத்துணி, பட்சணம், பட்டாசு, மலர் என்ற வரிசையில் மலர் கடைசியில் வந்தாலும் அதிக நாள் நின்றது அதுதான். மலரில் முழு நாவலுக்கு இடம் கிடையாது. ஆனால் யார் எழுதுகிறார்கள், அடுத்த தொடர் யாருடையது, படம் யார் போட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு கார்த்திகை வரையில் ஓடும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபத சோபனப் படத்தை விரிப்பார்கள். பாம்பில் இறங்கி அலுத்தவர்கள் ஒரு மூலையில் மலரைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். கோடை விடுமுறையில் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் ஓய்ந்த மத்தியானங்களில், பைண்டு செய்த தொடர்கதைகள் பரணிலிருந்து இறங்கும்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் கடைசியில் 'கல்கி'யில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரையில் வந்தது. கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று. நான் அதை முதலில் படித்தது என் அத்தை கோணி ஊசியால் தைத்து வைத்திருந்த கட்டில். வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மைதா பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டை போட்டிருந்தாள். ஓர் ஓரத்தில் மணியத்தின் சித்திரம், பின்பக்கத்தில் ஏதோ தலைவலித் தைலத்தின் விளம்பரம், பாதியில் அறுந்த ஒரு ஹாஸ்யத் துணுக்கு. நடுவில் இரண்டு வாரத்துப் பக்கங்களை இரவல் வாங்கிப் போன எதிர்வீட்டு அம்மாள் திருப்பித் தரவில்லை. அந்த அத்தியாயங்களை அத்தை வாயால் சொல்லித்தான் நான் கேட்டேன். பல வருஷம் கழித்து அச்சில் படித்துப் பார்த்தால், அத்தை சொன்னதில் வந்தியத்தேவன் இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாக அடித்திருந்தான். கல்கிக்கு ஞாபகமறதி போலும் என்றாள் அத்தை.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. தொடர்கதையாக வராத நாவல், மலரில் பெயர் வராத ஆசிரியர், சித்திரம் இல்லாத புத்தகம் எல்லாம் அந்த ஆரவாரத்தில் காணாமல் போயின. 1942-இல் ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் வந்தது. கொங்கு நாட்டுக் கிராமம், ஒரு விதவை, கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கதை இவ்வளவுதான். அரண்மனை இல்லை, சுரங்க வழி இல்லை, மாறுவேஷம் இல்லை. அவள் கேட்பது நியாயமா, யாருடைய தூண்டுதலில் கேட்கிறாள் என்று ஆசிரியர் நமக்கு எடுத்துச் சொல்வதும் இல்லை. சிறிய புத்தகந்தான், ஆனால் படித்து முடித்தபின் அந்த வயல்வரப்பு நம் காலில் ஒட்டிக்கொண்டு வரும். வாரப் பத்திரிகை வாசகர்களில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கும்?

அப்படிப்பட்ட புத்தகங்களை விடாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் க. நா. சுப்ரமண்யம். ஐம்பதுகளில் அவர் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் எழுதினார். தலைப்பே ஒரு சிபாரிசு, கொஞ்சம் அதட்டலும்கூட. ஒரு நூலை எடுத்துக்கொள்வார். அதை ஏன் படிக்க வேண்டும் என்று சில பக்கங்களில் சொல்வார். அடுத்த நூலுக்குப் போய்விடுவார். நட் ஹாம்சனை 'நிலவள'மாகவும் லாகர்லெவின் நாவலை 'மதகுரு'வாகவும் தமிழில் கொண்டுவந்தார். பட்டியல் போடுகிறவர் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. கல்கிக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். நாலு வருஷம் ஒரு ஜனக் கூட்டத்தையே கையைப் பிடித்து அழைத்துப் போகிறவனிடம் ஏதோ சக்தி இருக்கத்தானே வேண்டும்? ஆனாலும் நாகம்மாளை இன்று நாம் பேசுகிறோம் என்றால் அது எந்தத் தீபாவளியின் உபகாரமும் அல்ல. ஒரு சிலர் அதை மறக்க மறுத்ததன் உபகாரம். பருவம் வாசகர்களை உண்டாக்கியது. பருவம் போன பிறகும் புத்தகத்தைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பிடிவாதக்காரர்கள். இதே அளவுக்குச் சொல்ல ஆள் கிடைக்காமல் எத்தனை நல்ல நாவல்கள் செல்லுக்கு இரையாயினவோ!

நூலகங்கள் வந்து உதவின என்பதும் உண்மை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதைத் தம் ஐந்து விதிகளில் ஒன்றாக எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வைத்தார். அதே வருஷத்தில் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் ஏறிப் புத்தகங்கள் கிராமத்துக்குப் போயின. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. 1969-இல் தொடங்கிய 'ராணி முத்து' மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் பஸ் நிலையத்துக்கே கொண்டுவந்தது.

பிறகு பருவமே இடம் மாறிற்று. 1977-இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்னைப் புத்தகக் காட்சி ஆரம்பமாயிற்று. பல வருஷமாக அது பொங்கலை ஒட்டி நடக்கிறது. நாவலாசிரியனின் வருஷம் இப்போது தீபாவளியில் முடிவதில்லை, தையில் முடிகிறது. கரும்பும் மஞ்சளும் போல் நாவலும் ஜனவரியில் சந்தைக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் அதற்குள் அச்சாக வேண்டும் என்ற அவசரத்தில் பிழை திருத்தாத பக்கங்களும் வருகின்றன. போன முறை நான் வாங்கிய ஒரு நாவலில் நூறாம் பக்கத்தில் செத்த பாட்டி, இருநூறாம் பக்கத்தில் முறுக்குச் சுற்றுகிறாள்.

தொடர்கதை செத்துவிட்டது என்று சொல்கிறார்களே, அதுவும் முழு உண்மை அல்ல. ஜெயமோகன் 2014-இல் தொடங்கி 2020 வரையில் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று இருபத்தாறு நாவல்களாக நாள்தோறும் இணையத்தில் எழுதினார். கோடைக்குப் பாரதம் என்ற பழைய கணக்கு, வருஷம் முழுவதற்கும் பாரதம் என்றாயிற்று. சு. வெங்கடேசனின் வேள்பாரி ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தபோது படம் போட்டவர் மணியம் செல்வன். அதாவது, பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்ட மணியத்தின் புதல்வர். அத்தை இருந்திருந்தால் கோணி ஊசியைத் தேடியிருப்பாள்.

சரி, எதை வாங்குவது? இமையத்தின் 'செல்லாத பணம்' படிக்காதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்தின் கதை. பண்டிகைக் காலத்துக்கு ஏற்ற புத்தகமா என்று கேட்பீர்கள், இல்லைதான். ஆகையால் பொங்கல் கழிந்தபின் பிரியுங்கள். அடுத்து, தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. பெயர் புறநானூற்றிலிருந்து வந்தது. கதை கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பத்திலிருந்து. ஒரு மாமனின் சாவில் உறவெல்லாம் வந்து கூடுகிறது. 2023-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதால் கடையில் முன்வரிசையிலேயே கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு, அதே கொங்கு மண்ணைப் பற்றிய நாகம்மாளையும் கேளுங்கள். பையன் இல்லை என்றுதான் முதலில் சொல்வான். உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நில்லுங்கள்.