நடுவில் ஓர் இரவு

1637ஆம் ஆண்டு பாரிஸில் கொர்னேய் எழுதிய ‘லெ சித்’ நாடகம் மேடையேறி ஊரையே கலக்கியது. வெற்றி வந்தால் வயிற்றெரிச்சலும் கூடவே வருமே. நாடக விதிகளை மீறிவிட்டார், ஸ்பானிய நாடகத்திலிருந்து திருடிவிட்டார் என்று சக எழுத்தாளர்கள் துண்டறிக்கை மேல் துண்டறிக்கையாக அச்சடித்தார்கள். கடைசியில் பஞ்சாயத்து பிரெஞ்சு அகாதெமியிடம் போனது. கார்டினல் ரிஷலியூ அதைத் தொடங்கி இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. அகாதெமி வரி வரியாகப் பார்த்துத் தீர்ப்பெழுதியது. அதில் ஓர் ஆட்சேபம் இன்றைக்குப் படித்தாலும் விநோதமாக இருக்கும்.

நாடகத்தில் ஒரு பிரபு, வயதான இன்னொரு பிரபுவைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். சற்று நேரம் கழித்து அந்த அவமதிப்பைப் பற்றி அவனே பேசுகிறான். அங்கே அவன் பயன்படுத்தும் வினை வடிவம் தப்பு என்றது அகாதெமி. என்ன காரணம்? அறை விழுந்தது இப்போதுதான், நடுவில் ஓர் இரவு கழியவில்லை. இரவு கழியாத செயலுக்கு அந்த இறந்தகாலம் வராது, இன்னொன்றைப் போட்டிருக்க வேண்டும். கொர்னேய் பிற்பாடு அந்த வரிகளை மாற்றியும் எழுதினார்.

இலக்கணத்துக்கும் இரவுக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிந்துகொள்ள லத்தீனிலிருந்து தொடங்க வேண்டும்.

லத்தீனில் முடிந்த செயலைச் சொல்ல ஒற்றைச் சொல் வடிவம் ஒன்று இருந்தது. சீஸரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த மூன்று வெற்றிச் சொற்களும் அந்த வடிவம்தான். இதற்குப் பக்கத்திலேயே பேச்சில் இன்னொன்று வளர்ந்தது. ‘எழுதப்பட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது’ என்ற மாதிரியான கட்டுமானம். தமிழில் ‘லெட்டர் எழுதி வெச்சிருக்கேன்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே புத்தி. செயல் முடிந்துவிட்டது, ஆனால் அதன் பலன் இன்னும் கையில் இருக்கிறது. முதல் வடிவம் பிரெஞ்சில் ‘பாஸே சேம்ப்ல்’ ஆனது, அதாவது எளிய இறந்தகாலம். இரண்டாவது ‘பாஸே கொம்போஸே’, கூட்டு இறந்தகாலம். ‘பிறந்தாள்’ என்பதற்கு முதலாவதில் ‘எல் நக்கி’, இரண்டாவதில் ‘எல் ஏ நே’.

இரண்டு இறந்தகாலங்கள் இருந்தால் எல்லைத் தகராறு வராமல் இருக்குமா? 16ஆம் நூற்றாண்டில் ஆன்ரி எத்தியென் போன்ற அறிஞர்கள் வேலி போட்டார்கள். 1660இல் வந்த போர் ரோயால் இலக்கணமும் அதை உறுதி செய்தது. இன்று நடந்ததற்குக் கூட்டு வடிவம், நேற்றும் அதற்கு முன்பும் நடந்ததற்கு எளிய வடிவம். இதற்கு ‘24 மணி நேர விதி’ என்றே பெயர். மக்கள் கடிகாரம் பார்த்துத்தான் வினைச்சொல் போட்டார்கள் என்று நம்புவது கஷ்டம். ஆனால் விதிக்குப் பின்னால் இருந்த உணர்வு நிஜம். ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டால் நடந்தது வேறு ஒன்றாகிவிடுகிறது. அது நம்மை விட்டுக் கழன்று கதையாகிறது.

அப்புறம் அந்த வேலியைப் பேச்சு உடைத்துவிட்டது. கூட்டு வடிவம் மெல்ல மெல்ல நேற்றையும் போன வருடத்தையும் விழுங்கியது. 18ஆம் நூற்றாண்டின் போக்கில் பாரிஸ்காரர்களின் வாயிலிருந்து எளிய வடிவம் தேய்ந்து போனது. தெற்கே சில வட்டாரங்களில் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. ஏன் போனது? மொழியியலாளர் ஆந்த்வான் மெய்யே 1909இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். வடிவங்களின் சிக்கல் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

சிக்கல் என்றால் லேசுப்பட்டதல்ல. பிரெஞ்சு வினைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒரே ஒழுங்கில் அடங்கும். ‘ஷாந்தே’ (பாடு) என்றால் ‘இல் ஷாந்தா’, பாடினான். முடிந்தது. மிச்சமிருப்பவைதான் தினம் தினம் தேவைப்படுபவை, அவைதான் முரண்டு பிடிப்பவை. ‘இரு’ என்பதற்கு ‘ஃபு’, ‘செய்’ என்பதற்கு ‘ஃபி’, ‘வாழ்’ என்பதற்கு ‘வேக்கு’. ‘இல் தி’ என்றால் ‘சொல்கிறான்’, ‘சொன்னான்’ இரண்டும்தான். ‘நாம் பாடினோம்’ என்பது ‘நூ ஷாந்தாம்’. தொப்பி போட்ட ஓர் ‘ஆ’ அதில் உண்டு. ‘நீங்கள்’ வடிவத்தில் அந்தத் தொப்பி பழைய ‘ஸ்’ ஒன்றின் கல்லறை. ‘நாம்’ வடிவம் அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டது. 1990இல் எழுத்துச் சீர்திருத்தம் பல தொப்பிகளைக் கழற்றியபோதுகூட இவற்றைத் தொடவில்லை.

ஆனால் சிக்கல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தெற்கு ஜெர்மன் பேச்சிலும் வடக்கு இத்தாலியப் பேச்சிலும் இதேபோல ஒற்றை வடிவம் தோற்று, கூட்டு வடிவம் ஜெயித்திருக்கிறது. பேசுகிறவருக்கு நடந்ததைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளத்தான் பிடிக்கிறது போலும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ‘டெப்ரிகேட்டட்’ என்றொரு முத்திரை உண்டு. புதிதாக இதைப் பயன்படுத்தாதே என்று அர்த்தம். ஆனால் தூக்கியும் எறிய முடியாது, அதை நம்பி ஆயிரம் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். எளிய இறந்தகாலத்தை முதலில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அது பழைய புத்தகங்களில் மட்டும் கிடக்கவில்லை. நாவல், வரலாறு, தேவதைக் கதை, நாளிதழின் அஞ்சலிக் குறிப்பு எல்லாவற்றிலும் இன்றைக்கும் புதிதாக எழுதப்படுகிறது. வாய் கைவிட்டதை எழுத்து வைத்துக்கொண்டது. எதற்காக?

1959இல் எமில் பென்வெனிஸ்த் ஒரு விடை சொன்னார். பிரெஞ்சு வினைகள் ஒரே வரிசை அல்ல, இரண்டு தனித்தனி அமைப்புகள். ஒன்று ‘நான்’ ‘உன்னிடம்’ பேசுவது. இன்னொன்று வரலாறு. அங்கே பேசுகிறவர் யாருமில்லை, நிகழ்ச்சிகள் தாமே தம்மைச் சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும். எளிய இறந்தகாலம் இரண்டாவதற்குரியது. நம் பாட்டிகள் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்கிறார்களே, அந்த ‘ஆம்’ செய்கிற வேலையில் பாதியை இது செய்கிறது. ‘இதை நான் பார்க்கவில்லை, இது கதை’ என்று விலகி நிற்பது. ஒரே வித்தியாசம், ‘ஆம்’ வாயில் வாழ்கிறது, இது தாளில்.

அந்த விலகல் தரும் வேகத்தை ஃப்ளோபேர் அளவுக்குப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 1869இல் வந்த ‘உணர்வுக் கல்வி’யில் ஓர் அத்தியாயம் ஒரு மரணத்தோடு முடிகிறது. அடுத்தது சின்னச் சின்ன எளிய இறந்தகால வாக்கியங்களோடு தொடங்குகிறது. நாயகன் பயணம் போகிறான், திரும்புகிறான், வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் நாவலிலேயே அழகானது என்று ப்ரூஸ்த் 1920இல் எழுதினார்.

இந்த அழகின் மீது சந்தேகம் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1942இல் காம்யு ‘அந்நியன்’ நாவலைக் கூட்டு இறந்தகாலத்தில் எழுதினார். அடுத்த வருடமே சார்த்ர் அதைக் கவனித்து, வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒவ்வொன்றும் தனித்தீவாக நிற்கின்றன என்றார். 1953இல் ரோலான் பார்த் ‘எழுத்தின் பூஜ்யப் பாகை’யில் இன்னும் கறாராகக் கேட்டார். எளிய இறந்தகாலம் உலகத்தைக் கச்சிதமாக, காரண காரியத்தோடு அடுக்கி வைத்ததுபோல் காட்டுகிறது. யாருக்கு உலகம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது? மத்தியதர வர்க்கத்துக்குத்தானே!

அன்னி எர்னோ இதைச் சொந்த வீட்டுப் பிரச்சினையாகவே எதிர்கொண்டார். அவர் அப்பா பண்ணையாளாக இருந்து, ஆலைத் தொழிலாளியாகி, பிறகு நார்மண்டியில் இவ்தோ என்ற ஊரில் சின்ன மளிகைக் கடையும் காப்பிக் கடையும் நடத்தியவர். மகள் படித்து ஆசிரியையானார். அப்பாவைப் பற்றி ஒரு நாவல் தொடங்கி, அருவருப்பாகி நிறுத்திவிட்டார். 1983இல் வந்த ‘லா பிளாஸ்’ தட்டையான எழுத்தில், கூட்டு இறந்தகாலத்தில் நகர்கிறது. அப்பாவுக்குக் கடிதம் எழுதினால் எப்படி எழுதுவாரோ, அப்படி. எளிய இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் அந்த மனிதர் ஒரு கதாபாத்திரமாகியிருப்பார். அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் அந்த ஓர் இரவை எர்னோ அனுமதிக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, இது மேட்டுக்குடிச் சங்கதி, போகட்டும் என்று சொல்லத் தோன்றும். பிரான்ஸில் அதுவும் நடந்துகொண்டிருக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான வகுப்புகளுக்கு இந்தக் காலத்தின் படர்க்கை வடிவங்கள் மட்டும் போதும் என்றது. ‘நான்’, ‘நாம்’ எல்லாம் அப்புறம். எனிட் பிளைட்டனின் ‘ஐவர் குழு’ கதைகளின் பழைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு எளிய இறந்தகாலத்தில் இருந்தது. மறுபதிப்பில் அதை நிகழ்காலமாக மாற்றிவிட்டார்கள். குழந்தைகளுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

எந்தக் குழந்தைகளுக்கு என்பதுதான் என் கேள்வி. வீடு நிறையப் புத்தகம் இருக்கும் குழந்தைக்கு ராத்திரி கதை வாசித்துக் காட்டும்போதே ‘ஃபு’வும் ‘ஃபி’யும் ‘வேக்கு’வும் காதில் விழுந்துவிடும். யாரும் சொல்லித்தரவே வேண்டாம். தெருவில் எவரும் பேசாத ஒரு காலம், புத்தகமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்? பள்ளிக்கூடத்தில்தான். அங்கேயும் குறைத்துவிட்டால், ‘நான்’ என்று எளிய இறந்தகாலத்தில் பேசும் ரூசோவின் ‘ஒப்புதல்கள்’ அந்தப் பிள்ளைக்கு வேற்றுமொழிப் புத்தகம்.

எர்னோ அந்தக் காலத்தை வேண்டாம் என்றார். மளிகைக் கடைக்காரரின் மகளால் அப்படிச் சொல்ல முடிந்தது, பள்ளிக்கூடம் முதலில் அதை அவர் கையில் முழுசாகக் கொடுத்திருந்ததால்தான். கையில் இல்லாததை யாரும் மறுக்க முடியாது.