காரைச் சுற்ற வைத்த க்ரோனிங்கன்

நெதர்லாந்தின் வடக்கே உள்ள க்ரோனிங்கன், பிடிவாதத்துக்குப் பேர்போன ஊர். 1672-ல் மூன்ஸ்டர் நகர பிஷப்பின் படை முற்றுகையிட்டுக் குண்டுமழை பொழிந்தும் பணியவில்லை. அவர் பின்வாங்கிய ஆகஸ்ட் 28-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள். 1614-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் கூட்டமும் அதிகம்.

அதே பிடிவாதம் 1977-லும் தெரிந்தது. கார் நெரிசலைக் குறைக்க, நகரசபை மையப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேரே போக முடியாது. வெளியே போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தடையில்லை. வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகரசபை அசையவில்லை. இன்று அது உலகறிந்த சைக்கிள் நகரம். கடைவீதிகளிலும் கூட்டம் குறையவில்லை. சாலையை அகலப்படுத்தாமல், வழியை மாற்றியே சாதித்தார்கள்.