கூடத்துச் சுவரில் கெர்னிகா



போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலண்டர் இருந்த இடத்துல என்னடா இது கந்தரகோளம்?"

நியாயமான கேள்விதான். குதிரை அலறுகிறது. செத்த பிள்ளையை ஏந்திக்கொண்டு ஒரு தாய் கதறுகிறாள். எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம். அச்சுப் பிரதியை ஆன்லைனில் வாங்கிச் சட்டமும் கண்ணாடியும் போட்டு மாட்டியிருக்கிறேன். மூன்றடி அகலம். அசல் இருபத்தைந்து அடிக்கும் மேல்!

1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. சந்தை நாள். வட ஸ்பெயினில் பாஸ்க் மக்களின் ஊரான கெர்னிகாவின் மீது, தளபதி பிராங்கோவுக்கு உதவ வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் குண்டு வீசின. ஊரைக் கொளுத்தியவர்கள் எதிரிகளே என்று பிராங்கோ தரப்பு சாதித்தது. பாரிஸில் வாழ்ந்த பிக்காசோ, அவ்வாண்டு அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்காக இதை வரைந்தார்.

1939இல் பிராங்கோ வென்றார். ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டது. நாட்டில் சுதந்திரம் திரும்பும்வரை இது திரும்பக் கூடாது என்றார் பிக்காசோ. 1968இல் பிராங்கோ அரசே கேட்டுப் பார்த்தது. அவர் அசையவில்லை.

அசல் கடல் கடந்து இருந்தது. ஆனால் அச்சுப் பிரதிகள் ஸ்பெயின் வீடுகளுக்குள் வந்துவிட்டன. 1960, 70களில் ஆட்சியை வெறுத்தவர்கள் பலர் அதை வரவேற்பறையில் மாட்டிவைத்தார்கள். வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வருபவருக்கு அது யார் பக்கத்து வீடு என்று புரிந்துவிடும். ஊரைக் கொளுத்தியது யார் என்ற அரசின் பொய்க்குப் பதிலும் அதுவே. உலகப் போர் பாடம் இத்தனை ஆண்டு நடத்தியும் இதை உங்களுக்கு நான் சொன்னதில்லை. அப்போது எனக்கே தெரியாது.

1973இல் பிக்காசோவும் 1975இல் பிராங்கோவும் இறந்தார்கள். 1981 செப்டம்பரில் ஓவியம் மாட்ரிட் வந்து சேர்ந்தது. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், ஆயுதக் காவலோடு வைத்தார்கள். இன்று அதே நகரின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். அந்தத் தாயின் முகத்தருகே போய்ச் சற்று நேரம் நின்றவர், "சந்தைக்கு வந்தவளா இருக்குமோ?" என்றார்.

காலண்டர் இப்போது அடுப்படியில் தொங்குகிறது.