இடுப்புக் கிண்ணத்தில் புற்றுநோய்

பூம்ப்ளிஸில் எங்கள் மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. தொடை இடுக்கு வலியை வாதமென்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்திருக்கிறார். டாக்டரின் ஜெர்மனைத் தமிழில் சொல்ல நான் கூடப் போனேன். "தம்பி, இதோட வருத்தம் மாறிடுமோ?" என்று கேட்டார். ஈழத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். மாறாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் மருத்துவனல்லன்; பொறியியல் படித்து மென்பொருள் எழுதுபவன். ஆனால் இதை எடுத்துப் படித்தபோது பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த பாடமாகவே இருந்தது.

தொடையெலும்பின் பந்து சுழலும் கிண்ணம் அசெட்டாபுலம். நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் அதில் இறங்குகிறது. புற்று அரித்த கிண்ணம் அதைத் தாங்காது. பந்து உள்நோக்கிப் புதையும். எனவே பாரத்தை நல்ல எலும்புக்குக் கடத்த வேண்டும்.

கிண்ணத்தின் உட்சுவர் மட்டும் போயிருந்தால் உலோகக் கூடு போதும். மேலே இடுப்பெலும்பிலும் கீழே இருப்பெலும்பிலும் அது பிடித்துக்கொள்ளும். இவ்வகையில் பெயர்பெற்ற பர்ச்-ஷ்னைடர் கூடு சுவிட்சர்லாந்தில் பிறந்தது. இன்னொன்றான முல்லர் வளையத்தைத் தந்தவர் பேர்ன் இன்செல்ஸ்பிட்டால் மருத்துவமனையின் மாரிஸ் முல்லர் (1918-2009). நகரின் கிழக்கோரம் 2005இல் திறந்த பால் க்ளே ஓவிய மையமும் அவர் கொடைதான்!

விளிம்பும் அரிபட்டிருந்தால்? அமெரிக்கரான ஹாரிங்டன் 1981இல் வழி சொன்னார். மேலுள்ள நல்ல எலும்புக்குள் மரை போட்ட கம்பிகளைச் செலுத்தி, அவற்றைச் சுற்றி எலும்புச் சிமெண்டை நிரப்பி, அதில் செயற்கைக் கிண்ணத்தைப் பதிப்பது. நம்மூரில் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவதேதான். சாதாரண மூட்டு மாற்றத்தில் எலும்பு வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கலாம். இங்கே அந்த அவகாசம் இல்லை. கதிர்வீச்சு கொடுத்த எலும்பு சரியாக வளர்வதுமில்லை. சிமெண்டோ சில நிமிடங்களில் இறுகிவிடும். ஓரிரு நாளில் ஊன்றி நிற்கலாம்.

சிறுநீரகம், தைராய்டிலிருந்து பரவிய கட்டிகள் கடுமையாக இரத்தம் கசியும். அதனால் அறுவைக்கு முன்பே அவற்றுக்குப் போகும் இரத்தக்குழாயை அடைத்துவிடுகிறார்கள். காயம் ஆறியபின் மிஞ்சிய புற்றுக்குக் கதிர்வீச்சு. பெரிய அறுவையைத் தாங்காதவர்களுக்குச் சிறு துளை வழியே திருகாணியும் சிமெண்டும் மட்டும் வைப்பதும் இப்போது உண்டு. சில வாரமே வாழ்வு என்ற நிலையில் கத்தியை எடுப்பதில்லை. அறுவையின் வலி ஆறவே நாள் போதாது.

அந்த அம்மா இரண்டாவதாகக் கேட்டது, "அப்ப நடப்பனோ?"

டாக்டரிடம் மொழிபெயர்த்தேன். தலையசைத்தார். இதற்குத் தமிழ் தேவைப்படவில்லை.

"அப்ப செய்யச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.