நிஜ ரம்பம்: மரத்தைக் குறுக்கே அறுத்த கதை

தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள் மக்களே. நான் வகுப்பில் போடும் ரம்பம் வேறு. இது பல் வைத்த, இரும்பால் செய்த ரம்பம்.

போன மாதம் புத்தகம் அடுக்க ஒரு பலகையை நானே அறுத்தேன். மேல்பக்கம் ஏதோ பரவாயில்லை. கீழ்ப்பக்கம் நாய் கடித்த மாதிரி ஒரே பிசிறு. ஏன் இப்படி ஆச்சு என்று தேட ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் ஜப்பானில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது.

மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த நார்க்கட்டு. விறகு பிளக்கிறவரைப் பாருங்கள், நார் ஓடும் திசையில் ஒரு போடு, இரண்டாகப் பிளந்துவிடும். அதே கட்டையைக் குறுக்கே துண்டாக்கச் சொல்லுங்கள், திணறிப்போவார். நெடுக்கே போனால் மரமே வழிவிடும். குறுக்கே போனால் ஒவ்வொரு நாரையும் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டாமல் இழுத்தால் நார் பிய்ந்துகொண்டு வரும். என் பலகைக்கு நடந்தது அதுதான்.

எனக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை. கட்டடம் கட்டுகிற தச்சனுக்கு அப்படி இல்லை. ஒரு உத்தரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, தூணில் போட்ட துளைக்குள் செருகுகிறான் என்று வையுங்கள். நாக்கு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தோள் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அந்தத் தோள் தூணின் முகத்தில் முழுசாக உட்கார்ந்தால்தான் பொருத்து ஆடாது. அந்த வெட்டு விழுவது நாருக்குக் குறுக்கே.

ஜப்பானில் நாரா பக்கத்தில் ஹோர்யூஜி என்று ஒரு புத்தர் கோயில். இன்றும் நிற்கிற உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று. அதன் ஐந்தடுக்கு கோபுரம் சுமார் 32 மீட்டர் உயரம். நடுத்தூணுக்கான மரம் கி.பி. 594ல் வெட்டப்பட்டது என்று மர வளையங்களை ஆராய்ந்து 2001ல் அறிவித்தார்கள். கட்டியது ஹினோக்கி என்ற மரத்தில், நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டுமானால் சைப்ரஸ் குடும்பம்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஜப்பான் தச்சர்களிடம் குறுக்கே அறுக்க ரம்பம் இருந்தது. நெடுக்கே பலகை அறுக்கும் பெரிய ரம்பம் இல்லை! அது 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் புழக்கத்துக்கு வருகிறது. அதுவரை பலகை எப்படிச் செய்தார்கள்? நேரான நார் உள்ள ஹினோக்கியில் வரிசையாக உளியால் குத்தி, ஆப்பு இறக்கிப் பிளந்தார்கள். பிறகு வாய்ச்சியால் செதுக்கி, ஈட்டி மாதிரி இருக்கும் ஒரு சீவுளியால் வழவழப்பாக்கினார்கள். 1309ல் வரைந்த கசுகா கோன்கென் சித்திரச் சுருளில் கட்டட வேலை நடக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அதிலும் மரத்தை உளி வைத்துப் பிளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதாவது நெடுக்கே போக ஆப்பு போதும். குறுக்கே போகத்தான் ரம்பம் இல்லாமல் முடியாது. நான் இதைத் தலைகீழாக நினைத்திருந்தேன்.

பிறகு ஏன் நெடுக்கு ரம்பம் வந்தது? நல்ல மரம் தீர்ந்துபோனதுதான் காரணம் (எல்லாக் கதையிலும் இதே வில்லன்). 1180ல் தோதாய்ஜி கோயில் எரிந்தபோது, திரும்பக் கட்டப் பெரிய மரங்களை மேற்கே தொலைவில் இருந்த சுவோ மாகாணத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. நேரான ஹினோக்கி குறையக் குறைய, நார் முறுக்கிய மரங்களும் வேலைக்கு வந்தன. அவற்றில் ஆப்பு இறக்கினால் பிளவு தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் இரண்டு பேர் இழுக்கும் சட்ட ரம்பம் வந்தது. அதற்கும் பிறகு ஒரே ஆள் இழுக்கும் அகலமான ரம்பம்.

இப்போது பல்லுக்கு வருவோம். நெடுக்கே அறுக்கும் ரம்பத்தின் பல் சின்னச் சின்ன உளி மாதிரி, நாரைச் சுரண்டி எடுக்கும். குறுக்கே அறுக்கும் பல் சின்னச் சின்னக் கத்தி. ஜப்பான் குறுக்கு ரம்பத்தின் ஒவ்வொரு பல்லிலும் மூன்று முகம் தீட்டியிருப்பார்கள். இரண்டு பக்கச் சரிவு, நுனியில் இன்னொரு சரிவு. ஒரு பல் இடது ஓரத்து நாரை அறுக்கும், அடுத்தது வலது ஓரத்தை. நடுவில் இருப்பது தூளாக வெளியே வரும். ஹினோக்கி, சுகி போன்ற மென்மரங்களில் நார் சீக்கிரம் பிய்யும் என்பதால் இந்தக் கூர் ரொம்பவே அவசியம்.

அதோடு ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். தள்ளினால் மெல்லிய தகடு வளைந்துவிடும், இழுத்தால் விறைப்பாகும். காகிதத்தைத் தள்ளிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். அதனால் தகட்டை மிக மெல்லிசாகச் செய்ய முடிந்தது. பொருத்து அறுக்கவென்றே உள்ள தோசுகி ரம்பத்தின் தகடு சுமார் 0.3 மில்லிமீட்டர்தான், முதுகில் ஒரு பட்டை வைத்துத் தாங்கியிருப்பார்கள். தோசுகி என்ற பெயரே நான் மேலே சொன்ன அந்தத் தோள் வெட்டைக் குறிக்கும் சொல்தான்.

ரம்பத்துக்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. குறிக்கும் கத்தியால் கோட்டை முதலில் கீறிவிடுவது. மேல் நார்கள் அப்போதே அறுந்துவிடும், ரம்பம் வரும்போது பிய்ய எதுவும் மிச்சமிருக்காது.

இந்தத் துல்லியம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒசாகா கோட்டையின் ஓத்தே வாசல் தூண் சாட்சி. ஒரு தூணில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு எதிர்ப்பக்கங்களில் புறாவால் வடிவம் தெரிகிறது, மற்ற இரண்டில் மலை வடிவம். மேலிருந்தும் செருக முடியாது, பக்கத்திலிருந்தும் முடியாது என்று தோன்றும். எப்படிச் செய்தார்கள் என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டு, 1983ல் எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சாய்வாக வழுக்கிச் செருகியிருக்கிறார்கள்!

பாராட்டு எல்லாம் தச்சனுக்குப் போகிறது. ஆனால் மழுங்கிய பல்லை வைத்துக்கொண்டு எந்தத் தச்சனும் அந்தத் தோளை வெட்டியிருக்க முடியாது. ரம்பம் தீட்டுவது ஜப்பானில் தனித் தொழில். மெல்லிய அரத்தை வைத்து, ஒவ்வொரு பல்லிலும் மூன்று முகத்தையும் கையால் தீட்டுவார்கள். எந்த மரத்துக்கு, யாருடைய கைக்கு என்று பார்த்துப் பல்லை மாற்றுவார்கள். 1830களின் தொடக்கத்தில் ஹொகுசாய் வரைந்த ஃபூஜி மலைப் படங்களில் தோதோமி மலைப்பகுதி படத்தைத் தேடிப் பாருங்கள். பிரம்மாண்டமான மரத்தின் மேல் ஒருவன் நின்று அறுக்கிறான். எல்லார் கண்ணும் அவன் மேல்தான் போகும். கீழே தரையில் ஒரு ஆள் உட்கார்ந்து ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த ஆளின் பிழைப்பில்தான் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் கை வைத்தார்கள். மாற்றிப் போடும் பிளேடு வந்தது. பல் நுனியை மட்டும் மின்சாரத்தால் நொடியில் சூடாக்கிக் கடினமாக்குகிறார்கள். நெடுநாள் மழுங்காது. மழுங்கினால் அரமும் ஏறாது, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டியதுதான். ஒரு காமர்ஸ் மாணவனாக இதில் நான் குறை சொல்லவே முடியாது. தீட்டக் கொடுத்துக் காத்திருக்கும் நாள், கூலி, இரண்டாவது ரம்பம் வாங்கும் செலவு என்று எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதினால், மறுபக்கத்தில் பிளேடு ஜெயித்துவிடும். என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கும் சுத்தமான வெட்டு கிடைக்கிறது. ஆனால் பிளேடின் பல் எல்லோருக்கும் ஒரே மாதிரி. உங்கள் மரம் கொஞ்சம் வித்தியாசமானது என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எங்கள் பாடத்தில் இல்லை.

என் பலகைக்கு வருகிறேன். இரண்டாவது முறை கத்தியால் கோடு கீறிவிட்டு அறுத்தேன். மேல்பக்கம் நிஜமாகவே சுத்தம். கீழ்ப்பக்கம் மறுபடியும் பிசிறு. அங்கேயும் கீறவேண்டும் என்பது அறுத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஹி ஹி.